மறைக்கும் நோயும் உரைக்கும் நூலும்

சென்ற திங்கள் இப்பகுதியில் நம் பிள்ளைகளின் தமிழ்க் கல்வியைப் பற்றி எழுதினோம். இத்திங்கள் எடுத்துக்கொண்ட பொருள் நம் வீடுகளில் உரக்கப் பேசப்படாத ஒன்று. மார்பகப் புற்றுநோய் கண்டு, சிகிச்சை பெற்றுப் பிழைத்த மாதர், தாம் பட்டதை நூலாக எழுதி வெளியிடுவது தகுமா, தகாதா என்பதே அது. தகும் என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களைக் கூறுவோம்.

தன் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அரசியல் தலைவர்களும், சிறை சென்ற தேசபக்தர்களும், புகழ் பெற்ற கலைஞர்களுமே ஆவர். இல்லத்தரசி ஒருத்தி தன் உடலில் தோன்றிய நோயைப் பற்றி எழுதுவதால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்பாரும் உளர். அவர்கள் முதலில் இக்கணக்கைக் காண வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதென்றும், ஏறத்தாழ 98,000 பேர் இதனால் மாண்டனர் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு கூறுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெறுகிறது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலோர் நலம் பெறக்கூடிய நோய் இது. அங்ஙனமிருக்க இத்தனை உயிர்கள் போவானேன்? நோயாளிகளுள் பலர் காலந்தாழ்த்தி வருவதே தலையாய காரணம் என்பர் மருத்துவர்.

காலம் தாழ்வதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இந்நோயின் தொடக்கக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் வலித்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுகிறோம். வலியில்லாத கட்டியையோ, தானே கரைந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். இரண்டாவது காரணம் நாணம். கணவனிடம் சொல்லவும் கூசி, மகனிடம் சொல்லவும் கூசி, ஆண் மருத்துவர் பார்ப்பாரே என்று அஞ்சி, மாதக்கணக்கில் வாய் மூடியிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! முதற்காரணத்தை மருத்துவர் ஒரு சொற்பொழிவில் விளக்கிவிடலாம். இரண்டாவதைப் போக்க அவரால் எளிதில் ஆகாது. அதற்கு, அதே நாணத்தைக் கடந்து வந்த மற்றொரு பெண்ணின் சொல்லே வேண்டும்.

இதனை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் ஃபேனி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியை. பிரெஞ்சுப் படைத்தலைவர் ஒருவரை மணந்து பாரிஸ் நகரில் வாழ்ந்த அவருக்கு, 1810-இல் மார்பில் சிறு வலி கண்டது. ஒன்றுமிராது என்று அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஓராண்டுக்குப் பின், 1811 செப்டம்பர் 30-ஆம் நாள், நெப்போலியனின் படை மருத்துவரான லாரே அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். மயக்க மருந்து அறுவைக்கூடத்துக்கு வந்து சேர அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஆகவே சிறிது மதுக் கலவை மட்டும் பருகிவிட்டு, முகத்தில் மெல்லிய கைக்குட்டை ஒன்றைப் போர்த்தியவாறு, கத்தியின் ஒவ்வோர் அசைவையும் உணர்ந்தபடியே அவர் கிடந்தார்.

உயிர் பிழைத்த அம்மையார், இங்கிலாந்திலிருந்த தம் தமக்கைக்கு அனைத்தையும் கடிதமாக எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்கப் பல மாதங்கள் ஆயின. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவருக்கு மனம் துணியவில்லை. ஆயினும் ஏன் எழுதினார்? ஒன்றுமில்லை என்று தாம் முதலில் கொண்ட பொய்த் துணிவைத் தமக்கையரும் தங்கையரும் அவர்தம் மகளிரும் கொள்ளலாகாது, அவர்களுக்கு இஃது ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றே எழுதினார். அறுவைக்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1840-இல் தம் 87-ஆம் வயதில் அவர் காலமானார்.

அக்கடிதம் ஒரு குடும்பத்தாருக்கு எழுதியது. அதனையே நாட்டு மக்கள் அனைவருக்கும் எழுதும் துணிவு அமெரிக்க மாதருக்கு 1970-களில் வந்தது. அந்நாளில் அந்நாட்டிலும் இந்நோயின் பெயரைச் செய்தித்தாளில் காண்பது அரிது. 1974 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் ஃபோர்டின் துணைவியார் பெட்டி ஃபோர்டுக்கு மார்பகம் அகற்றப்பட்டது. அம்மையார் அதை ஒளிக்கவில்லை. செய்தி வெளிவந்ததும் பெண்கள் திரள் திரளாகச் சென்று தம்மைச் சோதித்துக்கொண்டனர். துணைத் தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவியாரும் அவ்வாறே தம்மிடம் கட்டியிருப்பதைக் கண்டு, சில வாரங்களிலேயே அறுவை செய்துகொண்டார். ஒருவர் வாய் திறந்தமையால் மற்றவர்க்கு விளைந்த நன்மை இது.

அதே 1974-இல் ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகை எழுத்தாளரும் தம் மார்பில் கட்டியைக் கண்டார். அக்காலத்து வழக்கம் கொடியது. கட்டி எத்தகையது என்று பார்ப்பதாகச் சொல்லி நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவர். புற்று என்று அறிந்தால் அப்பொழுதே மார்பகத்தையும் அகற்றிவிடுவர். விழித்தெழும்போது மார்பகம் இருக்குமோ இராதோ என்று அறியாமலே பெண்கள் அறுவை மேசையில் படுத்தனர். குஷ்னர் அதற்கு இணங்கவில்லை. முதலில் சோதனை, அதன் முடிவைத் தாம் அறிந்து ஆலோசித்த பின்னரே சிகிச்சை என்று பிடிவாதமாக நின்றார். தம் அனுபவத்தையும், மருத்துவ நூல்களில் தேடிக் கண்டதையும் சேர்த்து 1975-இல் நூலாக வெளியிட்டார். 1979-இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய வல்லுநர் குழுவில், மருத்துவரல்லாத அவரும் ஓர் உறுப்பினராக அமர்ந்தார். சோதனை வேறு, அறுவை வேறு என்று பிரித்தே செய்ய வேண்டும் என அக்குழு கூறியது. நோயாளி ஒருத்தி எழுதிய புத்தகம், மருத்துவரின் வழக்கத்தை மாற்றுவதற்கு இவ்வாறு துணை நின்றது.

1976-இல் வெளிவந்தது பெட்டி ரோலின் எழுதிய நூல். அவர் தொலைக்காட்சிச் செய்தியாளர். கட்டியைக் கண்டு மருத்துவரிடம் சென்றபோது கவலை வேண்டாம் என்று சொல்லப்பட்டு, ஓராண்டு வீணே கழிந்தது. பிறகே புற்று என்று தெரிந்தது. தம்மை ஒரு வீராங்கனையாக அவர் தீட்டிக்கொள்ளவில்லை. அழுததையும், சினந்ததையும், கண்ணாடி முன் நிற்க மாட்டாமல் திரும்பியதையும், இடையிடையே நகைப்பையும் கலந்து எழுதினார். அதுபற்றியே அந்நூலைப் பல்லாயிரவர் தம் கதையாகக் கொண்டனர். 1978-இல் அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. 1984-இல் மற்ற மார்பகத்திலும் நோய் கண்டு, அதனையும் கடந்து, 2023-இல் தம் 87-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

எழுதியவர் எல்லாரும் நெடுநாள் வாழ்ந்தனர் என்று கூறோம். அவ்வாறு கூறுவது பொய்யாகும். 1980-இல் தம் நோய்க் குறிப்புகளை நூலாக்கிய கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், 1992-இல் 58-ஆம் வயதில் அந்நோயின் பரவலாலேயே இறந்தார். அறுவைக்குப் பின் போலி மார்பகத்தை அணியாமல் அவர் மருத்துவரைக் காணச் சென்றபோது, அணியாமல் வருவது மற்ற நோயாளிகளின் மனத்தைத் தளர்த்தும் என்று செவிலி ஒருவர் சொன்னாராம். மறைத்துக்கொண்டே இருந்தால், ஒரே துன்பத்தைப் பட்ட பெண்கள் ஒருவரையொருவர் எவ்வாறு அடையாளம் காண்பர் என்று கேட்டார் லார்ட். அந்தக் கேள்வி இன்றும் நிற்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் மருத்துவமனை ஒரு தமக்கையின் துயரத்தில் பிறந்தது. தம் தங்கை 1923-இல் புற்றுநோயால் மாண்டதைக் கண்ணெதிரே கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரைத் தமக்குள் புதைத்துக்கொள்ளவில்லை. ஊரறியச் சொன்னார், பொருள் திரட்டினார். 1954-இல் 12 படுக்கைகளுடன் அம்மருத்துவமனை தொடங்கியது. பின்னர் டாக்டர் சாந்தா அம்மையார் 2021-இல் தாம் மறையும் வரை அதற்கே தம் வாழ்வை ஈந்தார். மும்பையில் 1941 முதல் டாட்டா நினைவு மருத்துவமனை நடந்து வருகிறது. நம் குடும்பங்களுள் இவ்விரண்டில் ஒன்றின் வாயிலை மிதியாத குடும்பங்கள் சிலவே.

அந்த மும்பை மருத்துவமனையார் 1998-இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். எளிய மக்கள் வாழும் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை இலட்சம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களைக் கொண்டு கையாலேயே மார்பகச் சோதனை செய்வித்தனர். விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. முடிவு 2021-இல் வெளிவந்தது. சோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் முன்னதாகவே அகப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே, இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்தது. அறிந்த கையும், கூசாத மனமும், உரிய காலமும் கூடினால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கை இருக்கிறது, காலமும் இருக்கிறது. மனத்தைத் தயார் செய்வதற்கே நூல் வேண்டும் என்கிறோம். அதிலும் நம்போன்று பிழைப்பைத் தேடி வெளியூர் வந்தவர்களுக்கு மிகவும் வேண்டும். சொந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு உடம்பில் மாறுதல் கண்டால், தாயிடமோ, அத்தையிடமோ, கிணற்றடியில் தோழியிடமோ காதோடு காதாகச் சொல்ல வழியுண்டு. இங்கே அடுத்த வீட்டு மராத்திய அம்மையாரிடம் காய்கறி விலை பேசுமளவு மொழி பழகியிருக்கும். இதைச் சொல்ல அந்த மொழி போதாது. தாய்க்குத் தொலைபேசியில் சொன்னால் அவர் பதறுவார். ஆகவே சொல்லாமலே நாட்கள் ஓடும்.

நம் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் இதற்குச் சான்று. அடையாளம் தெரியலாகாதென்று விவரங்களைக் குறைத்தே எழுதுகிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், குளிக்கும்போது அவர் கையில் கட்டி தட்டுப்பட்டது. மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. இப்பொழுது சொன்னால் கலியாணம் நின்றுவிடுமோ, செலவுக்கு வைத்த பணம் வைத்தியத்துக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, ஆறு மாதம் எவரிடமும் வாய் திறக்கவில்லை. திருமணம் இனிதே நடந்தது. மணமக்களை வழியனுப்பிய மறுநாள் கணவரிடம் சொன்னார். அதற்குள் நோய் அக்குளுக்குப் பரவியிருந்தது. மருந்தேற்றல், அறுவை, கதிர்வீச்சு என்று ஓராண்டு கழிந்தது. இன்று நலமாக இருக்கிறார். ஆயினும் ஆறு மாதத்துக்கு முன்பே சென்றிருந்தால் சிகிச்சை இத்துணைக் கடுமையாக இருந்திராது என்று மருத்துவர் அவரிடம் கூறியிருக்கிறார்.

அவ்வம்மையார் தாம் பட்டதை எல்லாம் பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார். அதனை நாம் படித்தோம். அலங்காரம் எதுவுமில்லை. மருந்தேற்றிய வாரத்தில் கஞ்சி இரும்பு போல் ருசித்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தபோது அதை வாரிப் போட மனமில்லாமல் பொட்டலம் கட்டி வைத்தது. கதிர்வீச்சுக்காகத் தோலில் இட்ட மைக்குறி அழியலாகாதென்று ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நாள் கடத்தியது. அறுவைக்குப் பின் கை மேலே எழாமையால், சுவரில் விரல்களை ஏணிபோல் ஏற்றி, எட்டிய உயரத்தில் தினமும் பென்சிலால் கோடிட்டது. அந்தக் கோடு கொடிக்கயிற்றை எட்டிய நாளில் தானே துணி உலர்த்தியது. எல்லாம் அதில் உண்டு. முதற்பக்கத்தில் இரண்டு தேதிகள். ஒன்று, கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாள். மற்றொன்று, கணவரிடம் சொன்ன நாள். அவ்விரண்டுக்கும் நடுவே பக்கத்தின் பாதி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

இதனை அச்சிடலாமா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது. கணவர் நல்லவர். ஆயினும் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பரோ என்று தயங்குகிறார். இளைய மகளுக்கு இன்னும் மணமாகவில்லை, பரம்பரை நோய் என்று சொல்லிவிடுவார்களே என்பது அவர் கவலை. அம்மையார் நம்மிடம் சொன்னது இவ்வளவே: "தம்பி, நான் ஆறு மாசம் சும்மா இருந்தேன். இதைப் படிச்சிட்டு ஒருத்தி ஆறு நாளிலே டாக்டர்கிட்டே போனாப் போதும்."

கணவரின் கவலையை எளிதென்று தள்ளுவதற்கில்லை. நம் சமூகத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது மெய்யான கவலையே. அதற்கு நாம் கூறுவது இரண்டு. இந்நோயாளிகளுள் பரம்பரைக் கூறு காரணமாக நோய் அடைவோர் சிறுபான்மையினரே. அத்தகைய குடும்பங்களில் பிறந்த மகளிருக்கோ, உண்மையை அறிந்திருப்பதே காப்பு. மறைப்பதால் வருவது ஆபத்து ஒன்றுதான். இரண்டாவது, பெயரின்றியும் நூல் வெளியிடலாம். 'ஒரு தாய்' என்று போட்டாலும் பயன் குறையாது. ஆனால் எழுதியவரும் வீட்டாரும் மனமொத்த பின்னரே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதில் எவரும் அவரை அவசரப்படுத்தலாகாது.

படித்தால் பயம் பெருகுமே என்பாரும் உண்டு. பயம் முன்னரே இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைத்தான் நூல் பிரித்துக் காட்டுகிறது. மருத்துவருக்கு வரிசையில் நூறு பேர் காத்திருக்கின்றனர். முடி மீண்டும் முளைக்கும் என்றும், அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கக்கூடும், அதைக் கவனிக்க வேண்டும் என்றும், கணவன் அருகில் அமர்ந்து பேசாமல் இருந்தாலே அது பெரிய துணை என்றும் விரித்துச் சொல்ல அவருக்கு நேரம் ஏது?

எழுத முன்வரும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தேதிகளைத் தவறாமல் குறியுங்கள். எப்பொழுது கண்டீர்கள், எத்தனை நாள் தாமதித்தீர்கள், ஏன் தாமதித்தீர்கள் என்பதே படிப்பவர்க்கு முதற்பாடம். எவ்வளவு செலவாயிற்று, எந்த உதவி எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். அழுததை எழுத அஞ்ச வேண்டாம். உங்களுக்குக் கொடுத்த மருந்தைப் பிறர்க்குச் சிபாரிசு செய்யாதீர்கள். ஒவ்வொருவர் நோயும் ஒவ்வொரு வகை. பச்சிலையாலோ நேர்த்திக்கடனாலோ மட்டும் குணமாயிற்று என்று எழுதாதீர்கள். அதை நம்பி ஒருத்தி மருத்துவமனையை விட்டுவிட்டால் அந்தப் பாவம் நூலைச் சேரும். அச்சுக்குப் போகுமுன் மருத்துவர் ஒருவர் படித்துப் பார்த்தல் நலம்.

எழுதாத சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, இவற்றுள் எது கண்டாலும், வலியில்லை என்று காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள். கட்டிகள் எல்லாம் புற்றல்ல; பெரும்பாலானவை தீங்கற்றவை. அது எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை செய்யும் ஏற்பாடு உண்டு.

நாம் இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பதால், நமக்குத் தெரிந்த ஒன்றையும் இங்குச் சொல்லி வைக்கிறோம். சிகிச்சைக்காகவோ, பின்னர் மறுசோதனைக்காகவோ செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குச் செல்பவர் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 சதவிகிதச் சலுகை. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவிகிதம். மருத்துவமனையார் உரிய படிவத்தில் கையொப்பமிட்டுத் தரும் சான்றிதழை முன்பதிவுச் சாளரத்தில் கொடுத்தால் போதும். நாகபுரியிலிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் செல்லும் நம்மவர் பலர், இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிச் செல்கின்றனர். இத்தகைய செய்திகளும் நூலில் இடம்பெற வேண்டியவையே.

சங்க நூலகத்தில் சமையல் நூல்களும் தல புராணங்களும் நிறைய உள்ளன. அவற்றின் அருகே, நம்மவர் ஒருத்தி எழுதிய சிறு நூல் ஒன்றும் இருக்கட்டும். அச்சுச் செலவைப் பகிர்ந்துகொள்ள விரும்பும் அன்பர்கள் செயலாளருக்குத் தெரிவிக்கலாம். தம் அனுபவத்தை எழுத விரும்பும் சகோதரிகள், பெயரின்றியும் நம் இதழுக்கு அனுப்பலாம். கையெழுத்து அழகாக இல்லையே என்று எண்ண வேண்டாம். படியெடுத்துத் தர நாம் இருக்கிறோம்.